இறக்கம்

பருத்தித்துறை பஸ்ஸில் மணி இல்லை.
இறக்கம் என்று கத்தவேண்டும்.
கத்தினாலும் முழுதாய் நிற்காது.
சில்லு சுற்றச்சுற்ற முன்காலை நிலத்தில் வைத்து
நாலடி கூடவே ஓடி நிற்கவேண்டும்.
இறங்குதல் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்
என்று நேர்முகத்தில் சொன்னேன்.
சிரித்துவிட்டு வேலை தந்தார்கள்.

கல்வியங்காட்டுச் சந்தி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மூன்று கணினி, கரண்ட் போனால் ஒரு லொறி பற்றரி.
விண்கலம் வேறு தேசத்தாருடையது.
அதன் வயிற்றில் இருக்கிற இரண்டு ஊர்திகளை,
பிஸ்கட் டின் அளவு,
எப்போது, எவ்வளவு மெல்லத் தள்ளிவிடுவது
என்கிற எழுபத்தொரு வரி மட்டும் எங்களுடையது.
பதிவேட்டில் அவற்றுக்கு எண்கள்.
குருநகர் றெக்சன் வைத்த பெயர்
கூனி, மட்டி.

அந்தச் சிறுகோளில் விழுதல் என்று ஒன்றில்லை.
அறுபது மீற்றரில் கைவிட்டால்
தேத்தண்ணி குடித்து, கோப்பை கழுவிக் கவிழ்த்து,
வந்து இருந்த பிறகுதான் நிலத்தைத் தொடும்.
தொட்டதும் எழும்பும்.
சில்லுப் பூட்டினால் சில்லே அதை வானத்துக்குத் தள்ளும்.
ஆகையால் சில்லில்லை.
உள்ளே ஒரு குண்டு சுழலும், வெளியே பெட்டி துள்ளும்.
துள்ளல் கொஞ்சம் கூடினால் திரும்பி வராது.
அந்த வேகத்துக்கு அட்டவணையில் ஒரு சிவப்புக் கோடு.
எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீட்டுக்காரர்
அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்,
கணக்குப் பார்க்காமலே.

எடையில்லாத இடம் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை.
பூப்பந்து மண்டபத்து முகட்டில் தங்கூசி கட்டி
கூனியின் இரட்டையைத் தொங்கவிட்டோம்.
மூன்றாம் நாள் அதன்மேல் ஒரு பல்லி.
பல்லியின் பாரத்தையும் கழித்துக் கணக்கெழுதினாள்
சுபலோஜினி.

அன்றிரவு இரண்டு நாற்பது.
அங்கிருந்து சொல் வரப் பதினாறு நிமிடம்.
நீர்வேலியில் கத்திய இறக்கம்
வல்லைவெளியில்தான் சாரதிக்குக் கேட்கும்,
அப்படியொரு பஸ்.
கதவு திறந்தது என்று திரையில் விழுந்தபோது
அங்கே அது பழங்கதை.
ஏதோ ஒன்று ஆகிவிட்டது.
எங்களுக்குத்தான் இன்னும் ஆகவில்லை.
சுபலோஜினி கண்ணை மூடி நேர்த்தி வைத்தாள்.
“முடிஞ்ச விசயத்துக்கு நேர்த்தி வைக்கலாமோ?” என்றான் றெக்சன்.
“சோதினை எழுதிப்போட்டு
ரிசல்ட் வர முதல் நீ வைக்கேல்லையோ?”

மூன்று பத்துக்குக் கூனியின் படம்.
சாய்ந்த கருமை, ஒரு மூலையில் வெயிலின் கசிவு,
நடுவில் கலங்கல்.
துள்ளும்போது எடுத்தது.
ஒருவரும் கைதட்டவில்லை.
றெக்சன் தலையைச் சரித்துச் சரித்து
எது மேல், எது கீழ் என்று தேடினான்.

மட்டி பேசவில்லை.
மூன்று நாற்பது.
நாலு ஐந்து.
எழுபத்தொரு வரியையும் திரும்ப வாசித்தேன்.
நாற்பத்தாறாவது என்னுடையது, தள்ளும் விசை.
அதில் பிழையில்லை.
பிழையில்லை என்பது போதவில்லை.
கீழே மருந்துக்கடைப் பூட்டைக்
காற்று ஆட்டிக்கொண்டிருந்தது.

முதல் பஸ்.
“எங்கை இறக்கம்?” என்றார் கொண்டக்டர்.
வாயில் வந்தது மட்டியின் எண்.
அச்சுவேலி என்று திருத்திச் சொன்னேன்.
மிச்சக் காசைத் தராமலே
பின்னுக்குப் போய்விட்டார்.

சந்தி வந்தது. பஸ் வழமைபோல் நிற்கவில்லை.
முன்காலை வைத்தேன், நாலடி ஓடினேன்.
குதிக்கால் நோக, கேட்காமலே,
நிலம் பிடித்துக்கொண்டது.

போனில் றெக்சனின் ஒரு வரி, இன்னும் இல்லை.
பஸ் போன திசையைப் பார்த்து
இறக்கம் என்றேன் ஒருதரம்,
சத்தமாய் இல்லை.